இருவர் உறங்க ஒரு கூடாரம்: மோட்டார் சைக்கிளில் முகாமிடும் தம்பதியருக்கான முழுமையான வழிகாட்டி

கணவனும் மனைவியுமாக மோட்டார் சைக்கிளில் சென்று முகாமிடுவோர் கூடாரம் வாங்குவது, தனியாகச் செல்பவர் வாங்குவதிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. தனியாகச் செல்பவருக்குப் பின்னிருக்கை முழுவதும் சாமான் வைக்கும் இடமாகிவிடுகிறது. கூடாரத்துக்குள் நெருக்கமாக இருந்தாலும் அவர் ஒருவர்தான் புரண்டு படுக்க வேண்டும். இருவர் செல்லும்போது பின்னிருக்கையில் ஆள் அமர்ந்துவிடுகிறார். சுமக்க வேண்டிய உடையும் படுக்கையும் இரட்டிப்பாகின்றன. உள்ளே தேவைப்படும் இடமும் இரட்டிப்பாகிறது. வண்டியில் இடம் குறையும் அதே நேரத்தில் தரையில் இடம் கூடுதலாக வேண்டியிருக்கிறது என்ற இந்த முரண்பாட்டை எப்படித் தீர்ப்பது என்பதுதான் கூடாரத் தேர்வின் முழு வேலையும்.

ஆகவே விலையிலிருந்தோ நிறுவனத்தின் பெயரிலிருந்தோ தொடங்காமல், நீங்கள் செல்லப்போகும் நிலம், உங்கள் வண்டி, உங்கள் இருவரின் உடல் அளவு என்ற வரிசையில் தொடங்குங்கள். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர்ப் பகுதிகளிலிருந்து வார இறுதியில் கிளம்பும் தம்பதியரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதல் படி: எங்கே, எந்த மாதத்தில் என்று முடிவு செய்யுங்கள்

கொங்கு நாட்டின் நிலம் ஒரே தன்மையுடையதன்று. காங்கேயம், தாராபுரம், கரூர் பக்கத்து மேட்டுக்காடுகள் வறண்டவை. சித்திரையில் இரவு பத்து மணிக்கும் தரை சுடும். அங்கே கூடாரத்திடம் எதிர்பார்க்க வேண்டியது காற்றோட்டமும் கொசுவிலிருந்து பாதுகாப்பும் மட்டுமே. மேற்கே வந்தால் கதை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 கி.மீ. அகலத்தில் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை நேராக உள்ளே புகுகிறது. உடுமலைப்பேட்டை, பல்லடம், தாராபுரம் வட்டாரங்களில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் இக்காற்றே. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வதை, அந்தப் பகுதியில் திறந்த வெளியில் கூடாரம் அடிக்க நினைப்பவர்கள் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வகை மலைப்பகுதி. ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செல்லும் வால்பாறை, 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலை, சேலத்தை அடுத்த ஏற்காடு, அந்தியூருக்கு மேலே உள்ள பர்கூர் மலை ஆகியவை இதில் அடங்கும். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால், கோவையில் மின்விசிறி தேவைப்படும் அதே இரவில் மலைமேல் கம்பளி தேவைப்படும். வால்பாறைப் பகுதி தமிழ்நாட்டின் மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஜூன், ஜூலை மாதங்களில் அங்கே செல்வதற்கான கூடாரமும் காங்கேயத்துக்கான கூடாரமும் ஒன்றாக இருக்க முடியாது. உங்கள் பயணங்களில் பெரும்பாலானவை எந்த வகையில் அமையும் என்று தீர்மானித்து அதற்கே வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் பொருந்துவது வேண்டுமென்றால், மழைக்குரியதை வாங்கி, கோடையில் மழையைத் தடுக்கும் அதன் மேல்துணியைக் கழற்றிவிட்டுப் பயன்படுத்துவதுதான் சரி. இதைத் தலைகீழாகச் செய்ய வழியில்லை.

இடத்தைப் பற்றிப் பேசும்போது சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 2007-இல் அறிவிக்கப்பட்ட ஆனைமலைப் புலிகள் காப்பகமும் 2013-இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகமும் கொங்கு நாட்டின் தென்மேற்கு, வடமேற்கு எல்லைகளை ஒட்டியே உள்ளன. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இத்தகைய இடங்களில் அனுமதியின்றி நுழைவதும் தங்குவதும் குற்றமாகும். பண்ணாரியிலிருந்து 27 வளைவுகள் ஏறும் திம்பம் சாலையில் இரவு நேரத்தில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடும் உண்டு. இருட்டிய பிறகு வழியில் ஓரிடம் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே அங்கே கூடாது. எனவே நமக்கு உண்மையில் கிடைக்கும் இடங்கள் தோட்டங்கள், தோப்புகள், தனியார் எஸ்டேட்டுகளில் முகாமுக்கென ஒதுக்கிய திடல்கள் ஆகியவையே. சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், இருப்பவரிடம் சென்று, “அண்ணா, இன்னைக்கு ராத்திரி மட்டும் இந்தக் களத்துல டென்ட் போட்டுக்கறமுங்க, காலைல கிளம்பிருவமுங்க” என்று முறையாகக் கேட்டால் பெரும்பாலானோர் இடம் தருவார்கள். அதிலும் தம்பதியராக வந்திருப்பதைக் கண்டால் வாசலுக்கு அருகிலேயே பாதுகாப்பான இடத்தைக் காட்டுவார்கள். இதில் கூடாரத் தேர்வுக்குத் தொடர்புடைய ஒரு செய்தி இருக்கிறது: அப்படிக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் காறை பூசிய களமாகவோ இறுகிய செம்மண் வாசலாகவோ இருக்கும். முளை அடிக்காமல் நிற்கக்கூடிய கூடாரம் ஏன் வேண்டும் என்பதற்கு இது முதற்காரணம்.

இரண்டாம் படி: வண்டியை அளந்து பாருங்கள்

ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் வண்டியில் அமர்ந்த நிலையில், பின்னிருப்பவரின் முதுகுக்குப் பின்னால் கேரியரில் எவ்வளவு நீளம் மிஞ்சுகிறது என்று மூன்றாம் ஒருவரைக் கொண்டு அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது ஒரு பையைக் குறுக்கே வைக்கும் அளவுக்கு மட்டுமே இருக்கும். குறுக்கே வைக்கும் பை ஹேண்டில்பாரின் அகலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நெரிசலான சாலையில் நீங்கள் புகுந்து செல்லும் இடைவெளியில் உங்கள் பை மாட்டிக்கொள்ளும். அடுத்ததாக, இரு பக்கமும் தொங்கும் சேடல் பையின் உள்நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவுகளில்தான் கூடாரத்தின் தலையெழுத்து இருக்கிறது. துணியை எப்படி வேண்டுமானாலும் மடிக்கலாம், கசக்கித் திணிக்கலாம். வளைத்துச் சுருக்க முடியாதது கம்புகள் மட்டுமே. ஆகவே மடித்த கம்பின் ஒரு துண்டு எவ்வளவு நீளம் என்பதே வண்டியில் ஏற்றுவதைப் பொறுத்தவரை முதன்மையான எண். விலை குறைந்த கண்ணாடியிழைக் கம்புகளின் துண்டுகள் பெரும்பாலும் 55 முதல் 65 செ.மீ. வரை இருக்கும், நல்ல அலுமினியக் கம்புகளின் துண்டுகள் 35 முதல் 50 செ.மீ.க்குள் அடங்கிவிடும். 45 செ.மீ.க்குக் கீழே இருந்தால் சாதாரண சேடல் பைக்குள்ளேயே வைத்துவிடலாம். அட்டைப் பெட்டியின் மேல் போட்டிருக்கும் பொதிந்த அளவை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், ஏனெனில் அது பையின் அளவே தவிரக் கம்பின் அளவு அன்று. பையைத் திறந்து கம்பை எடுத்து அளப்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

தூக்கி எறிந்தால் தானே விரியும் கூடாரங்கள் கடைகளில் கண்ணைக் கவரும். அவை மடிக்கும்போது பெரிய வட்டத் தட்டாக மாறுகின்றன. காரின் டிக்கியில் கிடத்தலாம், இருவர் அமர்ந்த மோட்டார் சைக்கிளில் அதைக் கட்டுவதற்குச் சரியான இடமே இல்லை. அவற்றை இப்போதே பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

எடையைக் கணக்கிடுவதில் பலரும் கூடாரத்தின் எடையை மட்டும் பார்க்கிறார்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் அதிகபட்சச் சுமை எவ்வளவு என்று குறிப்பிடப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக அது 170 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 75 கிலோ, மற்றவர் 60 கிலோ, இருவருடைய தலைக்கவசம், ஜாக்கெட், காலணி சேர்ந்து சுமார் 10 கிலோ என்றால் மீதம் இருப்பது 25 கிலோ. அதில் உடை, படுக்கை, குடிநீர், அடுப்பு, கருவிப்பெட்டி, கேரியரின் எடை ஆகிய யாவும் அடங்க வேண்டும். இந்தக் கணக்கில் கூடாரத்துக்கு 3 கிலோவுக்கு மேல் ஒதுக்குவது கடினம். 4 கிலோ என்பது எல்லை. அந்தச் சுமையும் பின்சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் உயரத்தில் ஏறினால், வளைவுகளில் வண்டியின் முன்பகுதி இலேசாகி, திருப்பும்போது பிடிமானம் குறைந்ததுபோல் உணர்வீர்கள். கனமான பொருள்கள் தாழவும் வண்டியின் நடுவை நோக்கியும் இருக்க வேண்டும் என்பதால், கம்புகளையும் முளைகளையும் சேடல் பையின் அடியிலும், துணியை மட்டும் மேலே கேரியரிலும் பிரித்து வைக்க முடிகிற கூடாரமே நல்லது. சைலன்சர் இருக்கும் பக்கத்துப் பையில் கூடாரத் துணியை வைக்காதீர்கள். பாலியெஸ்டரும் நைலானும் சூட்டில் உருகிவிடும்.

மூன்றாம் படி: “2 பேர்” என்ற எழுத்தை நம்பாமல் தரையில் வரையுங்கள்

நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் படி இதுதான். கூடாரத்தின் மேல் “2 பேர்” என்று எழுதியிருந்தால், இரண்டு மெத்தைகளை ஒட்டிப் போட்டால் தரை நிரம்பிவிடும் என்று பொருளே தவிர, இரண்டு பேர் தங்கள் சாமான்களோடு வசதியாக இரவைக் கழிக்கலாம் என்று பொருளன்று. முகாமுக்கென விற்கும் சாதாரண மெத்தையின் அகலம் 51 செ.மீ.; அகலமான வகை 64 செ.மீ. இரண்டு அகல மெத்தைகள் சேர்ந்தால் 128 செ.மீ. சந்தையில் கிடைக்கும் இருவர் கூடாரங்களின் தரை அகலம் பெரும்பாலும் 120 முதல் 145 செ.மீ. வரைதான். சுவர்கள் செங்குத்தாக இல்லாமல் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால், தோள் உயரத்தில் கிடைக்கும் அகலம் அதைவிடவும் குறைவு. ஜாக்கெட்டுக்கும் பைக்கும் எங்கே இடம்? மழை பெய்து இரண்டு மணி நேரம் உள்ளேயே அமர்ந்திருக்க நேர்ந்தால் என்ன செய்வது?

வீட்டில் இதைச் செய்து பாருங்கள். கூடத்தில் சுண்ணக்கட்டியால் 130 செ.மீ. அகலமும் 210 செ.மீ. நீளமும் கொண்ட ஒரு கட்டத்தை வரைந்து, அதற்குள் இருவரும் படுத்து, நீங்கள் எடுத்துச்செல்லும் பைகளையும் அதற்குள்ளேயே வையுங்கள். பிறகு அகலத்தை 170 செ.மீ. ஆக்கி மறுபடியும் படுத்துப் பாருங்கள். எந்தக் கடைக்காரரின் விளக்கமும் தராத தெளிவை இந்தச் சிறு சோதனை தந்துவிடும். பெரும்பாலான தம்பதியருக்கு 160 முதல் 180 செ.மீ. அகலமே சரியாக இருக்கும் என்பது என் கருத்து. அந்த அளவு பெரும்பாலும் “3 பேர்” என்று எழுதிய கூடாரங்களில்தான் கிடைக்கும். ஒரே வகையில் இருவர் அளவிலிருந்து மூவர் அளவுக்குப் போகும்போது எடை பொதுவாக அரைக் கிலோவைச் சுற்றியே கூடும். இருவர் பங்கிட்டுக்கொள்ளும் சுமையில் அந்த அரைக் கிலோவுக்குக் கிடைக்கும் உறக்கம் மிகப் பெரிது.

நீளத்தைப் பொறுத்தவரை, உங்களில் உயரமானவரின் உயரத்தோடு குறைந்தது 30 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றடைத்த மெத்தை உங்களைத் தரையிலிருந்து 5 முதல் 8 செ.மீ. வரை உயர்த்துவதால், தலையும் பாதமும் சாய்ந்த சுவரை எளிதில் தொட்டுவிடும். தொட்ட இடத்தில் படுக்கை நனையும். எடையைக் குறைப்பதற்காகத் தலைப்பக்கம் அகலமாகவும் கால்பக்கம் குறுகலாகவும் தைத்த கூடாரங்களும் உண்டு. அவை தனி ஆளுக்குப் பொருந்தும். இருவருக்கு நீள்சதுரத் தரையே ஏற்றது. உயரம் நடுவில் 105 செ.மீ.க்குக் குறையாமல் இருந்தால்தான் நிமிர்ந்து அமர்ந்து சட்டை மாற்ற முடியும்.

படுக்கையைப் பற்றி ஒரு சொல். வீட்டில் இருக்கும் பவானி ஜமக்காளத்தை எடுத்துச்செல்லலாமே என்று தோன்றும். அதன் அழகிலும் உறுதியிலும் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பருத்தி கனமானது, ஈரத்தை உறிஞ்சினால் எளிதில் உலராது. மோட்டார் சைக்கிள் முகாமுக்கு அது ஏற்றதன்று.

நான்காம் படி: இரண்டு வாசல், இரண்டு தாழ்வாரம்

ஒரே வாசல் உள்ள கூடாரத்தில், அதுவும் கால்பக்கமோ ஒரு பக்கவாட்டிலோ மட்டும் திறக்கும் கூடாரத்தில், நள்ளிரவில் வெளியே செல்ல வேண்டியவர் மற்றவரைத் தாண்டியோ எழுப்பியோதான் செல்ல முடியும். இரு பக்கவாட்டிலும் ஆளுக்கொரு வாசல் இருந்தால் அந்தச் சங்கடம் அடியோடு நீங்குகிறது. இரண்டு வாசல்களையும் திறந்து வலையை மட்டும் மூடினால் குறுக்குக் காற்றோட்டம் கிடைக்கும் என்பது சமவெளியின் வெக்கையில் அதைவிடப் பெரிய பயன்.

வாசலுக்கு வெளியே, மேல்துணி நீண்டு தரையைத் தொடும் பகுதியைத் தாழ்வாரம் எனலாம். மோட்டார் சைக்கிளில் செல்பவருக்கு இது இன்றியமையாதது, ஏனெனில் நனைந்த ஜாக்கெட்டும் சேறு படிந்த காலணியும் உள்ளே வரக் கூடாது, வெளியேயும் கிடக்கக் கூடாது. தலைக்கவசம் இரண்டும் வைத்து, நடந்து வெளியேற வழியும் மிஞ்ச, தாழ்வாரத்தின் ஆழம் 60 செ.மீ.யாவது இருக்க வேண்டும். காலையில் தலைக்கவசத்தையும் காலணியையும் கவிழ்த்துத் தட்டிப் பார்க்காமல் அணியாதீர்கள். தோட்டப் பகுதிகளில் தேளும் பூரானும் இயல்பாகவே இருப்பவை. தாழ்வாரத்தில் அடுப்பு மூட்டுவதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். துணி தீப்பற்றும் என்பது ஒருபுறம் இருக்க, மூடிய இடத்தில் எரியும் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லை. மூச்சுத் திணறலை உணர்வதற்குள் மயக்கம் வந்துவிடும்.

வண்டியையே உள்ளே நிறுத்திக்கொள்ளும் அளவுக்குப் பெரிய தாழ்வாரத்துடன், மோட்டார் சைக்கிள்காரர்களுக்கென்றே லோன் ரைடர், ரெட்வெர்ஸ் போன்ற வெளிநாட்டு நிறுவனங்கள் கூடாரங்கள் செய்கின்றன. அவை 5 கிலோவுக்கும் மேல் எடையுள்ளவை. இரண்டாம் படியில் போட்ட கணக்கைத் திரும்பப் பார்த்தால், பின்னால் ஆள் அமரும் வண்டிக்கு இவை பொருந்தாது என்பது விளங்கும். சூடான எஞ்சினும் பெட்ரோல் ஆவியும் உறங்கும் இடத்துக்கு அருகில் இருப்பதும் எனக்கு உடன்பாடில்லை. வண்டியை வெளியே, அது சாய்ந்தாலும் கூடாரத்தைத் தொடாத தொலைவில், சைடு ஸ்டாண்டின் அடியில் ஒரு தட்டைக் கல்லை வைத்து நிறுத்துங்கள்.

ஐந்தாம் படி: இரட்டைச் சுவரா, ஒற்றைச் சுவரா

உறங்கும் இருவர் ஓர் இரவில் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் ஏறத்தாழ அரை லிட்டர் அளவுக்கு நீரை ஆவியாக வெளியிடுகிறார்கள். மார்கழி, தை மாதங்களில் மலைமேல் கூடாரத்தின் வெளித்துணி குளிர்ந்திருக்கும்போது, அந்த ஆவி அதன் உட்புறத்தில் படிந்து நீராகிறது. கூடாரம் ஒழுகுகிறது என்று சொல்லப்படும் குறைகளில் கணிசமானவை உண்மையில் இந்த நீரே. தனி ஆளைவிட இருவருக்கு இது இருமடங்கு என்பதால், தம்பதியருக்கு ஒற்றைச் சுவர்க் கூடாரத்தை நான் பரிந்துரைப்பதில்லை. உள்ளே வலையும் மெல்லிய துணியும் சேர்ந்த ஓர் உட்கூடு, அதற்கு மேல் கையளவு இடைவெளியில் தனியாக நிற்கும் மேல்துணி என இரண்டு அடுக்கு இருந்தால், படியும் நீர் மேல்துணியின் வழியே ஓடித் தரைக்குச் சென்றுவிடும். மேல்துணியின் உச்சியில் திறந்து வைக்கக்கூடிய காற்றுத்துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மழையிலும் அவற்றை மூடாதீர்கள்.

உட்கூட்டின் வலையையும் கவனிக்க வேண்டும். கொசுவலை உற்பத்திக்குப் பெயர்பெற்ற கரூரைப் பக்கத்தில் வைத்திருக்கும் நமக்கு வலையின் தரம் பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணிகள் நெருக்கமாகவும் இழுத்தால் விலகாமலும் இருக்க வேண்டும். வாய்க்கால், குளக்கரை ஓரங்களில் கொசுவைவிடச் சிறிய பூச்சிகள் விளக்கு வெளிச்சத்துக்கு வரும். சாதாரணக் கொசுவலைக் கண்ணி அவற்றைத் தடுக்காது. மேல்துணியை நீக்கிவிட்டு உட்கூட்டை மட்டும் நிறுத்த முடிகிற அமைப்பாக இருந்தால், கோடையில் அதுவே காற்றோட்டமான கொசுவலைக் கூடாகிவிடும். இவ்வமைப்பு இல்லாத கூடாரங்களும் உள்ளன என்பதால் கடையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நீர் புகாமையை மில்லிமீட்டரில் குறிப்பிடுவார்கள். துணியின் மேல் அவ்வளவு உயரத்துக்கு நீரை நிறுத்தினாலும் உள்ளே கசியாது என்பது அந்த எண்ணின் பொருள். மேல்துணிக்கு 2,000 மி.மீ., நம் முழங்காலும் முழங்கையும் அழுத்தும் தரைத்துணிக்கு 3,000 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்று வைத்துக்கொண்டால் கொங்குப் பகுதியின் மழைக்குப் போதுமானது. அந்த எண்ணைவிடத் தையல்களை நன்றாகப் பாருங்கள்: உட்புறம் தையலின் மேல் பட்டை ஒட்டப்பட்டிருக்கிறதா, அது எங்காவது உரிந்திருக்கிறதா? எவ்வளவு உயர்ந்த துணியானாலும் ஊசி குத்திய துளை திறந்திருந்தால் பயனில்லை. துணி வகையில், நைலான் எடை குறைவு. ஆனால் ஈரம் பட்டால் தொய்ந்து, நள்ளிரவில் எழுந்து மீண்டும் இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும். பாலியெஸ்டர் தொய்வதில்லை, வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். நம் ஊர் வெயிலுக்கு நான் பாலியெஸ்டரையே தேர்ந்தெடுப்பேன்.

ஆறாம் படி: கம்பும் முளையும்

முளை அடிக்காமலே தன் கம்புகளின் வளைவால் நிற்கும் குவிமாட வடிவமே நமக்கு ஏற்றது. நீளச் சுரங்கம்போல் அமைந்த கூடாரங்கள் எடைக்கு நல்ல இடம் தருபவை. ஆனால் இரு முனைகளிலும் முளை இறங்கினால்தான் நிற்கும். களத்திலோ பாறையிலோ அவற்றை நிறுத்த வழியில்லை. குவிமாடத்தையும் காற்றுக் காலத்தில் வெறுமனே நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. முளை இறங்காத இடத்தில் இழுகயிறுகளைப் பெரிய கற்களில் கட்டுங்கள்.

கண்ணாடியிழைக் கம்பு விலை குறைவு. ஆனால் பலத்த காற்றில் நீளவாக்கில் பிளந்து சிம்பு சிம்பாகக் கிளம்பும், அந்தச் சிம்பு கையிலும் துணியிலும் ஏறும். 7000 வரிசை அலுமினியக் கலவையில் செய்த 8.5 மி.மீ. தடிமனுள்ள கம்பு வளைந்தாலும் பெரும்பாலும் உடையாது. அப்படியே உடைந்தாலும் மேலே செருகும் ஒரு குழாய்த் துண்டைக் கொண்டு அன்றிரவைக் கடத்தலாம். அந்தக் குழாய்த் துண்டு கூடாரத்துடன் வருகிறதா என்று பாருங்கள். பணத்தை எங்கே செலவிடுவது என்று கேட்டால், முதலில் கம்பில், பிறகு மேல்துணியில் என்பேன். தொங்கும் பைகள், விளக்குக் கொக்கிகள், நிறம் ஆகியவற்றில் ஒரு ரூபாயும் கூடுதலாகத் தர வேண்டியதில்லை.

கூடாரத்துடன் தரும் மெல்லிய கொக்கி முளைகள் நம் மண்ணுக்கு உதவாது. கோடையில் இறுகிய செம்மண்ணிலும் சரளையிலும் அவை வளைந்துவிடும். ஆற்றோர மணலில் பிடிக்காது. செம்மண்ணுக்குத் தடித்த இரும்பு முளைகளை எந்தப் பட்டறையிலும் செய்து வாங்கலாம். எடை கூடும் என்பதால் காற்றை எதிர்க்கும் பக்கத்துக்கு மட்டும் நான்கு போதும். மற்றவற்றுக்கு மூன்று இதழ்களாக அமைந்த அலுமினிய முளைகளை வாங்குங்கள்.

நிலத்தைச் சுத்தம் செய்வதும் முளை அடிப்பதற்கு இணையான வேலையே. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகள் எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் கிளுவை வேலியும் வெள்வேல மரங்களும் அழகான நிழலைத் தருபவை. ஆனால் வெள்வேலமுள் தரைத்துணியையும் அதற்கு மேலுள்ள காற்று மெத்தையையும் ஒருசேரத் துளைத்துவிடும். கையால் தடவிப் பார்த்து முள்ளைப் பொறுக்கிய பிறகே விரிக்க வேண்டும். பொள்ளாச்சித் தோப்புகளில் தென்னை மரத்தடியில் மட்டும் கூடாரம் அடிக்காதீர்கள். தேங்காயும் மட்டையும் எந்நேரமும் விழும். ஓடையின் மணற்பரப்பும் வேண்டாம், ஏனெனில் மலையில் பெய்த மழையின் நீர் உங்களுக்கு வானம் தெளிவாக இருக்கும்போதே வந்து சேரும். யானை நடமாட்டம் உள்ள மலையடிவாரத் தோட்டமாக இருந்தால், தோட்டக்காரர் சொல்லும் இடத்தைத் தவிர வேறெங்கும் படுக்காதீர்கள். வாழைப்பழம், பலாப்பழம், உப்பு ஆகியவற்றைக் கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது.

ஏழாம் படி: இருவரும் சேர்ந்து கடைக்குச் செல்லுங்கள்

ஒருவர் மட்டும் சென்று வாங்கிவந்து மற்றவருக்குக் காட்டும் பொருள் அன்று இது. விரித்துக் காட்டும் வசதியுள்ள கடைக்கு இருவரும் சேர்ந்து சென்று, காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே சென்று படுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து அமர்ந்தால் தலை இடிக்கிறதா, ஒவ்வொருவரும் தன் வாசலின் ஜிப்பை ஒரு கையால் திறக்க முடிகிறதா, ஜிப் துணியைக் கடிக்கிறதா என்று பாருங்கள். உட்கூடும் மேல்துணியும் ஒன்றாகவே எழும்பும் கூடாரமாக இருந்தால், மழை பெய்யும்போது உட்புறம் நனையாமல் நிறுத்தலாம். உட்கூட்டை முதலில் நிறுத்த வேண்டிய வகையில் அந்த ஐந்து நிமிடத்தில் உள்ளே நீர் சேரும். வால்பாறைப் பக்கம் அடிக்கடி செல்பவர்களுக்கு முதல் வகையே சிறந்தது. இணையத்தில் வாங்குவதாக இருந்தால், திருப்பி அனுப்பும் கால வரம்புக்குள் அடுத்த படியை முடித்துவிடுங்கள்.

எட்டாம் படி: மொட்டை மாடியில் ஒத்திகை

வாங்கியதும் மொட்டை மாடியில் கூடாரத்தை நிறுத்தி, இருவரும் தனித்தனியாகவும் சேர்ந்தும் அடித்துப் பழகுங்கள். ஒருவருக்கு உடல்நலம் சரியில்லாத மாலையில் மற்றவர் தனியாக நிறுத்த வேண்டி வரலாம். பிறகு ரப்பர் குழாயால் கால் மணி நேரம் எல்லாப் பக்கமும் நீரைப் பாய்ச்சி, உள்ளே விளக்கை வைத்துத் தையல்களைப் பாருங்கள். எங்காவது துளிர்த்தால், பாலியூரித்தேன் பூச்சுள்ள துணிக்குரிய தையல் பசையைத் தடவி ஒரு நாள் உலரவிட வேண்டும். சிலிக்கோன் பூச்சுள்ள துணியில் அந்தப் பசை ஒட்டாது. அதற்குச் சிலிக்கோன் பசையே வேண்டும்.

தரைத்துணிக்கு அடியில் விரிக்க, மெல்லிய தார்ப்பாயை உள்ளூர்க் கடையிலேயே வெட்டி வாங்கிக்கொள்ளலாம். நான்கு பக்கமும் கூடாரத்தின் தரையைவிட 5 செ.மீ. குறைவாக வெட்டச் சொல்லுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்து அடியில் சேர்த்துவிடும். நிறுத்தும்போது கூடாரத்தின் குறுகிய பக்கத்தைக் காற்று வரும் திசைக்குக் காட்டுவதையும் பழகுங்கள். ஆனி, ஆடியில் கணவாய்ப் பகுதியில் அது மேற்கு.

இறுதியாக வண்டியில் ஏற்றிப் பாருங்கள். கம்பும் முளையும் சேடல் பையின் அடியில், உட்கூடு அதற்கு மேல், மேல்துணி நீர்புகாத தனிப் பையில் கேரியரின் மேல் என்ற வரிசை பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும். நனைந்த மேல்துணி காய்ந்த உட்கூட்டோடு சேரக் கூடாது என்பதே இந்தப் பிரிவுக்குக் காரணம். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறுகளை மட்டும் நம்பாமல், பக்கிள் உள்ள பட்டை நாடாக்களால் இரண்டு இடத்தில் கட்டி, தொங்கும் நுனிகளைச் சங்கிலியிலும் சக்கரத்திலும் சிக்காதபடி முடிந்துவிடுங்கள். இருவரும் ஏறி, டயரில் பின்னிருக்கை ஆளுக்குரிய காற்றழுத்தத்தை வைத்து, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து கட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று சோதியுங்கள். பின்னால் அமர்பவரின் முதுகில் பை இடிக்கிறதா என்பதை அவரிடமே கேளுங்கள். ஓட்டுபவருக்கு அது தெரியாது.

பயணம் முடிந்து வீடு திரும்பியதும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றே கூடாரத்தைக் கொடியில் நிழலில் விரித்து முழுவதுமாக உலர்த்த வேண்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூசணம் பிடிப்பதோடு, பாலியூரித்தேன் பூச்சு நீருடன் வினைபுரிந்து சிதைந்து, சில பருவங்களில் ஒட்டும் பிசினைப்போல் ஆகிவிடும். அதன் பிறகு அதைச் சரிசெய்ய முடியாது. சோப்புத் தூள் இட்டுத் துவைக்க வேண்டாம், வெறும் தண்ணீரில் மண்ணைக் கழுவினால் போதும். ஜிப்பின் பற்களில் சிக்கிய செம்மண்ணைப் பழைய பல்துலக்கியால் தட்டி எடுத்துவிட்டு, கூடாரத்தை அதன் சிறிய பைக்குள் திணிக்காமல், காற்றுப் புகும் பெரிய துணிப்பையில் தளர்வாக மடித்து, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.